ஸ்டெம் செல் குருத்தெலும்புச் செல்லாக மாறுதல்: மரபணு வெளிப்பாட்டு ஆய்வின் வரலாறு

ஸ்டெம் செல் ஒன்று குருத்தெலும்புச் செல்லாக மாறும்போது அதனுள் சில மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன, சில அடங்குகின்றன, வேறு சில சிறிது காலம் மட்டும் செயல்பட்டு ஓய்கின்றன. மரபணுவில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதிலிருந்து புரதம் உருவாவது மரபணு வெளிப்பாடு எனப்படும். ஒரு மனிதரின் தோல் செல்லிலும் குருத்தெலும்புச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எந்த மரபணு எப்போது, எந்த அளவில் வெளிப்படுகிறது என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

இம்மாற்றங்களின் வரிசையைக் கண்டறியும் முயற்சி ஒரு மருத்துவத் தேவையிலிருந்து பிறந்தது. தேய்ந்த மூட்டுக் குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை. ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பாக மாற்றும் வழி 1998இல் கிடைத்துவிட்டது. மாறிய செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பது எப்படி என்பதுதான் அதன் பின்னர் ஆய்வாளர்களைத் தொடர்ந்து வாட்டிவரும் கேள்வி.

தானாக ஆறாத திசு

இலண்டனில் பணியாற்றிய ஸ்காட்லாந்து உடற்கூற்றியல் அறிஞர் வில்லியம் ஹன்டர், மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி 1743இல் இலண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். புண்பட்ட குருத்தெலும்பு தொல்லை தருவது என்றும், ஒருமுறை அழிந்தால் மீண்டும் உருவாவதில்லை என்றும் அவர் அதில் பதிவு செய்தார். 280 ஆண்டுகள் கடந்தும் மூட்டு மருத்துவ நூல்கள் அக்கருத்தை எடுத்துக்காட்டி வருகின்றன.

குருத்தெலும்பு ஆறாததற்கு அதன் அமைப்பே காரணம். அதில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. தோலில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து, பழுது பார்க்கும் செல்கள் அங்கு வந்து சேரும். குருத்தெலும்புக்கு அந்த வழி அடைபட்டுள்ளது. மேலும், அத்திசுவில் செல்கள் மிகக் குறைவு. அதன் எடையில் பெரும்பகுதி நீர். மீதியில் கொலாஜன் இழைகளும், நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறுகளும் உள்ளன. கொலாஜன் வலையும் அக்ரிகனும் சேர்ந்துதான் முழங்கால் தாங்கும் சுமையை ஏற்கின்றன. இவ்விரண்டையும் உருவாக்குபவை ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் குருத்தெலும்புச் செல்களே.

எனவே குருத்தெலும்பைச் சீர்செய்ய வேண்டுமானால் அதை உருவாக்கும் செல்களைப் புதிதாகப் பெற வேண்டும். அதற்கு முன், ஒரு செல் உண்மையிலேயே குருத்தெலும்புச் செல்தானா என்று சொல்ல ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

அடையாளம் தேடிய காலம்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்லின் தோற்றமே அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஆனர் ஃபெல், கோழிக் கருவின் நீண்ட எலும்புகளில் குருத்தெலும்பும் எலும்பும் உருவாகும் விதத்தை 1925இல் நுணுக்கமாக விவரித்தார். கரு வளரும்போது கை கால்களின் எலும்புகள் நேரடியாக எலும்பாகத் தோன்றுவதில்லை. தளர்வாக இருக்கும் செல்கள் ஓரிடத்தில் நெருங்கித் திரள்கின்றன. அத்திரள் குருத்தெலும்பாகிறது. பின்னர் அக்குருத்தெலும்பில் பெரும்பகுதி எலும்புக்கு இடம் விட்டு மறைகிறது. மூட்டின் முனையில் உள்ள மெல்லிய படலம் மட்டும் வாழ்நாள் முழுவதும் குருத்தெலும்பாகவே நீடிக்கிறது. ஆகவே உடலில் குருத்தெலும்பு இருவகைப்படும்: ஒன்று எலும்பாவதற்கு முந்தைய இடைநிலை, மற்றொன்று நிலையானது. இந்த வேறுபாடு பிற்காலத்தில் பெரும் சிக்கலாக உருவெடுத்தது.

1960இல் அமெரிக்காவின் ஹோவர்டு ஹோல்ட்சரும் அவருடைய குழுவினரும், குருத்தெலும்புச் செல்களைத் தனியே பிரித்து வளர்த்தால் அவை தம் இயல்பை இழந்துவிடுகின்றன என்று காட்டினர். உருண்டையாக இருந்த செல்கள் பரவி நீண்டன, குருத்தெலும்புக்குரிய பொருள்களைச் சுரப்பதை நிறுத்தின. அவ்வாறு இழக்கப்படுவது எது என்பதை மூலக்கூறு அளவில் சொல்ல அப்போது வழி இல்லை.

கொலாஜன் ஆய்வே அந்த வழியைத் திறந்தது. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். உடல் முழுவதும் கொலாஜன் ஒரே வகைதான் என்ற எண்ணம் அதன் பிறகும் சில ஆண்டுகள் நிலவியது. 1969இல் எட்வர்டு மில்லரும் விக்டர் மட்டுகாஸும் கோழிக் குருத்தெலும்பை ஆராய்ந்து, தோலிலும் எலும்பிலும் காணப்படாத ஒரு கொலாஜன் இழை அதில் இருப்பதைக் கண்டனர். அது இரண்டாம் வகைக் கொலாஜன் எனப் பெயர் பெற்றது. தோலிலும் எலும்பிலும் மிகுதியாக இருப்பது முதல் வகை.

குருத்தெலும்புச் செல்லுக்கு இதனால் ஒரு தெளிவான அடையாளம் கிடைத்தது. 1977இல் கிளாஸ் ஃபான் டெர் மார்க்கும் சக ஆய்வாளர்களும், வளர்ப்புத் தட்டில் பரவி இயல்பிழக்கும் செல்கள் இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டு முதல் வகையைச் சுரக்கத் தொடங்குவதைக் காட்டினர். 1982இல் பால் பென்யாவும் ஜாய் ஷாஃபரும் அவ்வாறு இயல்பிழந்த முயல் செல்களை அகரோஸ் கூழில் இட்டு வளர்த்தனர். கூழுக்குள் பரவ முடியாமல் உருண்டை வடிவம் பெற்ற செல்கள் மீண்டும் இரண்டாம் வகைக் கொலாஜனை உருவாக்கின. மரபணு வெளிப்பாடு செல்லின் வடிவத்தையும் அது இருக்கும் சூழலையும் சார்ந்தது என்பதை இச்சோதனைகள் நிறுவின.

எலும்பு மஜ்ஜையில் கிடைத்த செல்கள்

குருத்தெலும்பாக மாறக்கூடிய செல்கள் வளர்ந்த மனிதரின் உடலிலும் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு மாஸ்கோவிலிருந்து விடை வந்தது. அலெக்சாண்டர் ஃபிரிடென்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 1960களில் எலும்பு மஜ்ஜைச் செல்களை விலங்கின் உடலில் வேறிடத்தில் பதித்தபோது அங்கே எலும்பு உருவானது. 1970இல், மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரு தனிச் செல்லே பெருகி ஒரு முழுக் கூட்டமாக வளர முடியும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் பதித்தால் அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றுவதை 1965இல் வெளியிட்டார். அந்த எலும்பும் குருத்தெலும்பு நிலையைக் கடந்தே உருவானது. எலும்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு புரதம் செல்களுக்குக் கட்டளையிடுகிறது என்பது அதன் பொருள். பி.எம்.பி. என்று அழைக்கப்படும் அப்புரதங்களின் மரபணுக்கள் 1988இல் பிரித்தெடுக்கப்பட்டன.

1991இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஆர்னால்டு கேப்லன், மஜ்ஜையில் கிடைக்கும் இத்தகைய செல்களுக்கு மீசன்கைம் ஸ்டெம் செல் என்ற பெயரைப் பரவலாக்கினார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய திசுக்களாக இவை மாறக்கூடும் என்பது அக்கருத்தின் மையம். பின்னாளில் கேப்லனே இப்பெயரை மாற்ற வேண்டும் என்று வாதிட்டார். உடலுக்குள் செலுத்தப்படும் இச்செல்கள் புதிய திசுவாக மாறுவதைவிட, பிற செல்களைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதன் மூலமே பயன் தருகின்றன என்று அவர் கருதினார்.

இதற்கிடையே சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, முழங்காலின் பழுதடைந்த இடத்தில் மீண்டும் வைக்கும் முறை உருவானது. மாட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் உள்ளிட்டோர் 23 நோயாளிகளிடம் கண்ட பலன்களை 1994இல் வெளியிட்டனர். ஆனால் இம்முறைக்காக நலமான குருத்தெலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. தட்டில் பெருகும்போது செல்கள் இயல்பிழக்கும் பழைய சிக்கலும் தொடர்ந்தது. எனவே ஸ்டெம் செல்லிலிருந்து குருத்தெலும்பைப் பெறும் ஆர்வம் வலுத்தது.

சாக்ஸ்9 கண்டுபிடிப்பு

எந்த மரபணு இம்மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது என்பதற்கான துப்பு, ஓர் அரிய பிறவி நோயிலிருந்து கிடைத்தது. கேம்போமெலிக் டிஸ்பிளாசியா என்னும் அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்திருக்கும். மூச்சுக்குழாயும் மார்புக்கூடும் சரியாக அமையாததால் பலர் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடுவர். ஆணுக்குரிய எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் கொண்ட குழந்தைகள் பலர் பெண் உடலமைப்புடன் பிறப்பதும் உண்டு. 1994இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: 17ஆவது குரோமோசோமில் உள்ள சாக்ஸ்9 மரபணுவின் பிழையே இந்நோய்க்குக் காரணம். இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதுபட்டாலே நோய் தோன்றுகிறது. அதாவது சாக்ஸ்9 இருந்தால் மட்டும் போதாது, போதிய அளவில் இருக்க வேண்டும்.

1997இல் சாக்ஸ்9 புரதம் இரண்டாம் வகைக் கொலாஜன் மரபணுவின் டி.என்.ஏ.வில் நேரடியாகப் பிணைந்து அதை இயக்குகிறது என்பது உறுதியானது. 1999இல் பெனுவா டி குரோம்புரூக் உள்ளிட்டோர் சாக்ஸ்9 நீக்கப்பட்ட செல்களும் இயல்பான செல்களும் கலந்த சுண்டெலிக் கருக்களை உருவாக்கினர். அக்கருக்களின் குருத்தெலும்புகளில் இயல்பான செல்கள் மட்டுமே இருந்தன. சாக்ஸ்9 இல்லாத செல்கள் அருகிலேயே இருந்தும் குருத்தெலும்புக்குள் இடம்பெறவில்லை.

2001இல் சாக்ஸ்5, சாக்ஸ்6 என்னும் இரு துணை மரபணுக்களின் பங்கு தெரியவந்தது. 2002இல் ஹருஹிக்கோ அகியாமாவும் சக ஆய்வாளர்களும், செல்கள் திரள்வதற்கு முன்பே கால் மொட்டில் சாக்ஸ்9ஐ நீக்கினால் குருத்தெலும்பும் உருவாவதில்லை, எலும்பும் உருவாவதில்லை என்று காட்டினர். திரண்ட பிறகு நீக்கினாலும் குருத்தெலும்பு பெரிதும் சிதைந்தது, சாக்ஸ்5, சாக்ஸ்6 ஆகியவையும் வெளிப்படவில்லை. தொடக்கத்தில் மட்டுமின்றித் தொடர்ந்தும் சாக்ஸ்9 தேவை என்பதும், துணை மரபணுக்கள் அதன் பின்னரே வருகின்றன என்பதும் இதனால் விளங்கின.

சோதனைக் குழாயில் மூன்று வாரங்கள்

1998இல் பிரையன் ஜான்ஸ்டோன், ஜங் யூ, ஆர்னால்டு கேப்லன் உள்ளிட்டோர் முயலின் மஜ்ஜைச் செல்களைச் சோதனைக் குழாயில் குருத்தெலும்பாக மாற்றினர். ஏறத்தாழ 2 இலட்சம் செல்கள் ஒரு சிறு குழாயில் இடப்பட்டுச் சுழற்றப்பட்டன. அடியில் படிந்த செல்கள் ஒன்றையொன்று ஒட்டி ஒரு சிறு உருண்டையாயின. அதற்கு டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணியும் டெக்சாமெத்தசோனும் அளிக்கப்பட்டன. கருவில் செல்கள் திரள்வதையே இந்த உருண்டை குழாய்க்குள் நிகழ்த்திக் காட்டியது. அதே ஆண்டில் மனிதச் செல்களிலும் இம்முறை பலித்தது. ஒரே மனித ஸ்டெம் செல்லின் வழித்தோன்றல்கள் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்றாகவும் மாற முடியும் என்பதை 1999இல் மார்க் பிட்டங்கர் குழுவினர் காட்டினர்.

செல் மாறும் காலம் முழுவதையும் நாள்வாரியாகக் கண்காணிக்க இந்த உருண்டை உதவியது. தக்க கருவிகளும் அப்போது வந்துசேர்ந்தன. 1977இல் உருவான நார்தன் பிளாட் முறையில் ஒரு நேரத்தில் ஓரிரு மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை மட்டுமே அளக்க முடிந்தது. 1995இல் அறிமுகமான டி.என்.ஏ. மைக்ரோஅரே, ஒரே சோதனையில் பல மரபணுக்களையும் பின்னர் ஆயிரக்கணக்கான மரபணுக்களையும் அளக்க வழி செய்தது. 2002இல் இச்சிரோ செக்கியா, டார்வின் புரோக்கப் உள்ளிட்டோர் மனித மஜ்ஜைச் செல்கள் 21 நாட்களில் குருத்தெலும்பாக மாறுவதை மைக்ரோஅரே, ஆர்.டி-பி.சி.ஆர். ஆகிய முறைகளால் தொடர்ந்து அளந்து, நிகழ்வுகளின் வரிசையை வெளியிட்டனர்.

கரு ஆய்வுகளும் இத்தகைய குழாய்ச் சோதனைகளும் சேர்ந்து காட்டும் வரிசையைப் பின்வருமாறு சுருக்கலாம்.

திரளும் நிலை: செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் என்-காதரின் போன்ற புரதங்களின் மரபணுக்கள் உயர்ந்து, பின்னர் தாழ்கின்றன. சாக்ஸ்9 உயரத் தொடங்குகிறது.

குருத்தெலும்பு நிலை: சாக்ஸ்5, சாக்ஸ்6 சேர்ந்துகொள்கின்றன. இரண்டாம், ஒன்பதாம், பதினொன்றாம் வகைக் கொலாஜன்கள், அக்ரிகன் ஆகியவற்றின் மரபணுக்கள் வலுவாக வெளிப்படுகின்றன. இரண்டாம் வகைக் கொலாஜன் மரபணுவின் ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் விதமும் மாறுகிறது. முன்னோடிச் செல்லில் ஒரு வடிவமும், முதிர்ந்த குருத்தெலும்புச் செல்லில் மற்றொரு வடிவமும் மேலோங்குகின்றன.

பருக்கும் நிலை: செல்கள் அளவில் பெரிதாகின்றன. பத்தாம் வகைக் கொலாஜன், ரன்க்ஸ்2, குருத்தெலும்பை அரிக்கும் எம்.எம்.பி.13 என்னும் நொதி, இரத்தக் குழாய்களை வரவழைக்கும் வி.இ.ஜி.எஃப். ஆகியவை உயர்கின்றன. எலும்பு உருவாவதற்கான களம் இதனால் தயாராகிறது.

நிறுத்த முடியாத ஓட்டம்

மூட்டைச் சீர்செய்ய வேண்டுமானால் செல் இரண்டாவது நிலையில் நின்றுவிட வேண்டும். மஜ்ஜைச் செல்கள் அவ்வாறு நிற்கவில்லை. குழாயில் வளரும் உருண்டைகளில் பத்தாம் வகைக் கொலாஜன் எதிர்பாராத அளவுக்கு முன்னதாகவே தோன்றியதைப் பல ஆய்வகங்கள் கண்டன. முதல் வகைக் கொலாஜனும் முழுமையாக அடங்கவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வில்ட்ருட் ரிக்டரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மனித மஜ்ஜைச் செல்களிலிருந்து உருவான உருண்டைகள், நோய் எதிர்ப்பு ஆற்றல் அற்ற சுண்டெலிகளின் தோலுக்கடியில் பதிக்கப்பட்டன. அவற்றில் சுண்ணாம்பு படிந்தது, இரத்தக் குழாய்கள் உட்புகுந்தன. குழாயில் குருத்தெலும்பாகத் தோன்றியது உடலுக்குள் எலும்பை நோக்கிச் சென்றது. சாக்ஸ்9, அக்ரிகன், இரண்டாம் வகைக் கொலாஜன் ஆகியவை வெளிப்படுவதை மட்டும் பார்த்து ஒரு செல்லை நிலையான குருத்தெலும்புச் செல் என்று கூற முடியாது என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

செல்கள் தவறு செய்தன என்று இதைக் கொள்வதற்கில்லை. கருவின் கால் எலும்பு உருவாகும் வழியை அவை இறுதிவரை பின்பற்றின. மூட்டு முனையில் மட்டும் இந்த ஓட்டம் நிற்பது எவ்வாறு என்பதே உண்மையான கேள்வி. வளரும் எலும்பில் செயல்படும் ஒரு தடையை 1996இல் ஆண்ட்ரியா ஃபோர்ட்காம்ப், கிளிஃப் டாபின், ஹென்றி குரோனன்பெர்க் உள்ளிட்டோர் விளக்கியிருந்தனர். பருக்கத் தொடங்கும் செல்கள் ஐ.எச்.எச். என்னும் சைகைப் புரதத்தை வெளியிடுகின்றன. அதன் தூண்டுதலால் எலும்பின் முனைப்பகுதியில் பி.டி.எச்.ஆர்.பி. சுரக்கிறது. அது திரும்பிவந்து, அடுத்துள்ள செல்கள் பருப்பதைத் தாமதப்படுத்துகிறது. 1997இல் வெளியான ஆய்வுகளில், ரன்க்ஸ்2 நீக்கப்பட்ட சுண்டெலிகளின் உடலில் எலும்பே உருவாகவில்லை, எலும்புக்கூடு குருத்தெலும்பாகவே நின்றது. பருத்தலைத் தடுக்க முயலும் பிற்கால ஆய்வுகள் பலவும் இவ்விரு கண்டுபிடிப்புகளை அடிப்படையாகக் கொண்டவை.

ஒவ்வொரு செல்லாக வாசித்தல்

2006இல் ஷின்யா யாமனாக்கா, வளர்ந்த சுண்டெலியின் செல்லை நான்கு மரபணுக்களால் கரு நிலைக்கு ஒத்த ஸ்டெம் செல்லாக மாற்றினார். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது நிகழ்ந்தது. இக்கண்டுபிடிப்புக்காக ஜான் குர்டனுடன் அவர் 2012ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐ.பி.எஸ். செல் எனப்படும் இவற்றை எல்லையின்றிப் பெருக்க முடியும். ஆயினும் இவற்றைக் குருத்தெலும்பாக்கப் பல படிகள் தேவை. ஒவ்வொரு படியிலும் சில செல்கள் வேறு திசையில் செல்லக்கூடும்.

மைக்ரோஅரே பல இலட்சம் செல்களின் ஆர்.என்.ஏ.வை ஒன்றாகக் கலந்து சராசரியையே அளக்கும். பாதிச் செல்கள் குருத்தெலும்பாகி, மீதி வழிதவறினாலும் அச்சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. 2009இல் முதன்முதலாக ஒரு தனிச் செல்லின் ஆர்.என்.ஏ. முழுவதும் வரிசைப்படுத்தப்பட்ட பிறகு இக்குறை நீங்கத் தொடங்கியது. 2021இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபர்ஷித் கிலாக் குழுவினர், மனித ஐ.பி.எஸ். செல்கள் குருத்தெலும்பாவதைத் தனிச் செல் அளவில் ஆராய்ந்து வெளியிட்டனர். குருத்தெலும்புச் செல்களோடு நரம்பு சார்ந்த செல்களும், நிறமிச் செல்களை ஒத்தவையும் அங்கே உருவாகியிருந்தன. வழிமாறும் செல்களில் டபிள்யூ.என்.டி. சைகை மையமாக இருந்ததைக் கண்டு அதைத் தடுத்தபோது, குருத்தெலும்புச் செல்களின் விகிதம் உயர்ந்தது. மரபணு வெளிப்பாட்டை வாசிப்பது, செய்முறையைத் திருத்துவதற்கே வழிகாட்டிய எடுத்துக்காட்டு இது.

இன்றைய நிலை

தொப்புள்கொடி இரத்த ஸ்டெம் செல்களைக் கொண்ட ஒரு குருத்தெலும்புச் சிகிச்சைக்குத் தென்கொரியா 2012இல் ஒப்புதல் அளித்தது. ஜப்பானில் ஐ.பி.எஸ். செல்களிலிருந்து பெற்ற குருத்தெலும்பு பற்றிய ஆய்வுகள் நடைபெறுகின்றன. மறுபுறம், முழங்கால் தேய்மானத்துக்கு உடனடித் தீர்வு என்று ஸ்டெம் செல் ஊசிகள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுத் தேசிய வழிகாட்டு நெறிகள், இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர, பிற பயன்பாடுகளை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுகளுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன.

இந்த எச்சரிக்கையின் காரணத்தை மேற்கண்ட வரலாறே விளக்குகிறது. ஒரு செல்லைக் குருத்தெலும்புச் செல் என்று அழைக்க ஒரு காலத்தில் அதன் உருண்டை வடிவம் போதுமானதாக இருந்தது. பிறகு இரண்டாம் வகைக் கொலாஜன் தேவைப்பட்டது, அதன்பின் சாக்ஸ்9. இப்போது எவை வெளிப்படுகின்றன என்பதோடு எவை அடங்கியிருக்கின்றன என்பதும், அந்நிலை எத்தனை காலம் நீடிக்கிறது என்பதும் கேட்கப்படுகின்றன. ஹன்டர் 1743இல் பதிவு செய்த குறையைத் தீர்க்கும் செல், குருத்தெலும்பாக மாறும் செல்லாக இருந்தால் போதாது. மாறிய பின் பல ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும் செல்லாகவும் அது இருக்க வேண்டும்.